குப்பைக்குழி முதல் எரு இயந்திரம் வரை: தாமிரபரணிக் கரையில் ஒரு வரலாறு

குப்பை என்ற சொல்லைக் கேட்டாலே இன்று முகம் சுளிக்கிறார்கள். ஆனால் திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களில் பெரியவர்கள் பேசுவதைக் கவனித்தால் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பது தெரியும். "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று ஒருவர் கேட்டால், எருவை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் நிலத்தில் கொட்டியாயிற்றா என்று பொருள். அங்கே குப்பை என்பது எறிய வேண்டிய பொருளல்ல, சேர்த்து வைத்த சொத்து! உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று திருக்குறளின் உழவு அதிகாரமே சொல்கிறது.

இன்று நகரத்து வீடுகளில் எரு தயாரிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. துளையிட்ட மண்பானை, சுழலும் டிரம், மின்சாரத்தில் ஓடும் பெட்டி என்று பல வகை. வாங்கியவர்களில் பலர் சொல்லும் புகார் ஒன்றுதான்: நாற்றம் அடிக்கிறது, புழு வைக்கிறது, சொதசொதவென்று ஆகிவிடுகிறது. உடனே பழி இயந்திரத்தின் மேல் விழுகிறது. பிறகு அது மொட்டை மாடியின் மூலைக்குப் போய்விடுகிறது.

உண்மையில் கோளாறு இயந்திரத்திலா, அல்லது அதில் போடும் பொருளிலா? இதற்கு விடை தெரிய வேண்டுமானால் இயந்திரம் வருவதற்கு முன்னால் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் எரு எப்படித் தயாரானது என்று பார்க்க வேண்டும்.

பழைய குப்பைக்குழியில் என்ன இருந்தது?

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் பழையவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. இந்த அணைக்கட்டுகளின் கால்வாய்கள் பாயும் வயல்களில் கார், பிசானம் என்று ஆண்டுக்கு இரண்டு போகம் நெல்.

ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு முறை நெல் எடுத்தால் மண் என்னாகும்? எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் சில ஆண்டுகளில் சத்து குறைந்துவிடும். அப்படியும் இந்த வயல்கள் பல நூற்றாண்டுகள் விளைந்தன. மலையிலிருந்து ஆறு கொண்டு வந்த வண்டல் ஒரு காரணம். கோடையில் குளங்களைத் தூர்வாரி எடுத்த கரம்பை மண் இன்னொரு காரணம். மீதியை எரு பார்த்துக்கொண்டது.

அந்த எரு ஒரே வகையாக இருக்கவில்லை. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். இரவு முழுவதும் ஆடுகள் அங்கேயே அடைந்து கிடந்தால் புழுக்கையும் சிறுநீரும் நேராக மண்ணுக்குப் போய்விடும். வண்டிக்கூலி மிச்சம்! பிசான அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் உள்ள கோடையில் கொளுஞ்சி வளரும். கொளுஞ்சி அவரைக் குடும்பத்துச் செடி. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்து வைக்கும். மாடு அதை விரும்பித் தின்னாது என்பதால் வேலி போட வேண்டியதில்லை. வெயிலையும் தாங்கும். நடவுக்கு முன் அதை அப்படியே மடக்கி உழுதுவிடலாம். இவை தவிர வேம்பு, பூவரசு, எருக்கு, ஆவாரை என்று கிடைத்த தழையை எல்லாம் வெட்டிக் கொண்டுவந்து தொளியில் போட்டு மிதிப்பார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒரு குப்பைக்குழி. தொழுவத்துச் சாணம், மாடு தின்று மிச்சம் வைத்த வைக்கோல், மூத்திரம் ஊறிய கூளம், அடுப்புச் சாம்பல், முற்றம் பெருக்கிய சருகு, இவைதான் அதில் விழுந்தவை.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்தால் ஒரு விஷயம் புலப்படும். இதில் சமையலறைக் கழிவு ஏறக்குறைய இல்லவே இல்லை!

அது எங்கே போனது? மாட்டுக்குப் போனது. அரிசி களைந்த தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, காய்கறித் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். சாப்பிட்ட வாழையிலையும் மாட்டுக்குத்தான். மீன் முள் பூனைக்கு, சிந்திய சோறு கோழிக்கும் காக்கைக்கும். அதாவது அந்தக் காலத்து வீட்டில் எரு தயாரித்த முதல் இயந்திரம் மாடு. ஈரமான, சீக்கிரம் அழுகும் பொருள் எல்லாம் அதன் வயிற்றில் செரித்துச் சாணமாக மாறிய பிறகுதான் குழிக்கு வந்தது. குழியிலோ அதோடு சேர வைக்கோலும் சருகும் காத்திருந்தன. ஈரத்துக்கு ஈடாகக் காய்ந்தது தானாகவே அமைந்துவிட்டது. அதனால் "எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது" என்று யாரும் தனியாக யோசிக்கத் தேவையே இருக்கவில்லை.

இந்தூரில் கிடைத்த கணக்கு

வீட்டு வழக்கமாக இருந்ததைக் கணக்காக எழுதியவர்கள் பின்னால் வந்தார்கள். இந்திய விவசாயத்தை ஆராய அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1893-ல் தன் அறிக்கையை வெளியிட்டார். விறகு கிடைக்காத இடங்களில் சாணம் வறட்டியாக எரிகிறது, அதனால் நிலத்துக்கு எரு குறைகிறது என்பது அவர் அழுத்திச் சொன்ன விஷயங்களில் ஒன்று.

அடுத்து வந்தவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-ல் இந்தியா வந்து பூசாவில் பணியாற்றிய இவர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். அங்கே யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளருடன் சேர்ந்து அவர் உருவாக்கியதுதான் "இந்தூர் முறை". இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1931-ல் வந்தது. உலகம் ஹோவர்டை நினைவு வைத்திருக்கும் அளவுக்கு வாட்டை நினைவு வைத்திருக்கவில்லை.

இந்தூர் முறையில் குழியின் நீளம் 30 அடி, அகலம் 14 அடி. பருத்திமார் போன்ற கட்டையான பொருட்களை வண்டிப் பாதையில் பரப்பி, சக்கரம் ஏறி நசுங்கிய பிறகு மாட்டுக்குப் படுக்கையாக விரிப்பார்கள். பச்சைக் களைகளை வாட வைத்த பிறகே சேர்ப்பார்கள். சாணம், மூத்திரம் ஊறிய மண், மரச்சாம்பல் மூன்றும் கலந்து அடுக்குவார்கள். மூன்று முறை புரட்டிவிட்டால் சுமார் 90 நாளில் எரு தயார். இதில் புரட்டுவதும் தண்ணீர் தெளிப்பதும் பாதி வேலைதான். குழிக்கு வருவதற்கு முன்பே பொருளைத் தேர்ந்தெடுத்துப் பக்குவப்படுத்துவது மீதிப் பாதி.

அவர்கள் கண்ட முக்கியமான கணக்கு கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். குவியலைத் தின்று எருவாக்குபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் கார்பன் எரிபொருள், நைட்ரஜன் உடம்பு வளர்க்கும் உணவு. தொடக்கத்தில் நைட்ரஜன் 1 பங்கு என்றால் கார்பன் சுமார் 33 பங்கு இருக்க வேண்டும் என்று இந்தூரில் கண்டார்கள். இன்றும் 25 முதல் 35 வரை என்றுதான் சொல்கிறார்கள். கார்பன் அதிகமானால் குவியல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நைட்ரஜன் அதிகமானால் மிஞ்சியது அம்மோனியாவாக வெளியேறும். அதுதான் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி. ஈரமும் அதிகமாகிக் காற்றுப் புகாமல் போனால் அழுகல் நாற்றமும் சேர்ந்துகொள்ளும்.

வரவும் செலவும் சரியாக இருந்தால்தான் கணக்கு நேராகும். நெல்லைச் சீமையின் குப்பைக்குழியில் வைக்கோலும் சருகும் கார்பனைக் கொடுத்தன, சாணமும் மூத்திரமும் நைட்ரஜனைக் கொடுத்தன. பேரேடு இல்லாமலே கணக்கு நேராகியிருந்தது!

நகரத்துக் குப்பையும் சுமந்த கைகளும்

இந்தூர் முறை கிராமத்துக்குப் பொருந்தியது. நகரத்துக்கு? பெங்களூரில் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா 1939 வாக்கில் உருவாக்கிய "பெங்களூர் முறை" அதற்கு ஒரு விடை. ஊர்க் குப்பையையும் மனிதக் கழிவையும் அகழியில் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மண் பூசி மூடிவிட வேண்டும். புரட்ட வேண்டியதில்லை. சில மாதங்களில் எரு கிடைக்கும். இரண்டாம் உலகப்போர்க் கால உணவுத் தட்டுப்பாட்டின்போது நகராட்சிகளில் இந்த முறை பரவியது.

எருவின் கணக்குப்படி இது நல்ல முறைதான். ஆனால் அந்தக் கழிவை அகழிவரை சுமந்தது யார்? உலர் கழிப்பறைகளிலிருந்து கையால் அள்ளி, வாளியிலும் வண்டியிலும் கொண்டுவந்தவர்கள் சாதியால் அந்த வேலைக்குத் தள்ளப்பட்ட மக்கள். இந்த வேலையைத் தடை செய்ய 1993-ல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013-ல் இன்னொரு சட்டமும் தேவைப்பட்டன. வீட்டுக்காரர் பிரிக்காததையும் தொட விரும்பாததையும் இன்னொருவர் கையால் தொட வேண்டியிருந்தது. எருவின் வரலாற்றில் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் படிக்க முடியாது.

யூரியா வந்தது, மாடு போனது

1960-களின் இரண்டாம் பாதியில் புதிய நெல் ரகங்கள் வந்தன. அவை அதிக நைட்ரஜனைக் கேட்டன. மூட்டையில் வந்த யூரியா அதை உடனே கொடுத்தது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்த மாற்றம் வாசலுக்கே வந்து நின்றது. தூத்துக்குடியில் ஸ்பிக் உரத் தொழிற்சாலை 1975-ல் உற்பத்தியைத் தொடங்கியது. கொளுஞ்சி ஒரு கோடை முழுவதும் சேர்க்கும் நைட்ரஜன் ஒரு மூட்டையில் கிடைக்கும்போது யார் காத்திருப்பார்கள்?

பிறகு டிராக்டர் வந்தது, உழவு மாடு குறைந்தது. தொழுவம் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பாளையங்கோட்டையிலும் டவுனிலும் ஜங்ஷனிலும் வீடுகள் நெருங்கின. கழுநீர்த் தொட்டி காணாமல் போனது. காய்கறித் தோலும் வடித்த கஞ்சியும் மட்டும் தினமும் வந்துகொண்டே இருந்தன. அவை போக இடமில்லாமல் தெருவின் தொட்டிக்கு வந்தன. பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடும் வழக்கமும் கூடவே வந்தது. சொத்தாக இருந்த குப்பை இந்த இடத்தில்தான் தொல்லையாக மாறியது.

பெரிய இயந்திரங்கள் ஏன் தோற்றன?

குப்பையை இயந்திரத்தால் எருவாக்கும் எண்ணம் புதியதல்ல. இத்தாலியில் பெக்காரி என்பவரின் மூடிய அறை முறை 1920-களிலும், டென்மார்க்கில் டானோ என்ற சுழலும் டிரம் 1930-களிலும் வந்துவிட்டன. இன்று வீட்டில் கையால் சுற்றும் சிறிய டிரம்முக்கு டானோவைப் பாட்டன் என்று சொல்லலாம்.

இந்தியாவில் மத்திய அரசின் உதவியுடன் 1975-80 காலத்தில் பெங்களூர், பரோடா, பம்பாய், கல்கத்தா, டில்லி, ஜெய்ப்பூர், கான்பூர் போன்ற நகரங்களில் பெரிய இயந்திர உர ஆலைகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 150 முதல் 300 டன் குப்பையைக் கையாளும் திறன் கொண்டது. சில ஆண்டுகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஏன்? உள்ளே போனது பிரிக்காத குப்பை. கல், கண்ணாடி, துணி, பிளாஸ்டிக் எல்லாம் கலந்து வந்தன. இயந்திரம் அடிக்கடி பழுதானது, மின்சாரச் செலவும் பராமரிப்புச் செலவும் ஏறின. வெளியே வந்த எருவில் கண்ணாடித் துண்டு இருந்தால் எந்த விவசாயி வாங்குவார்? உற்பத்திச் செலவு விற்பனை விலையைத் தாண்டியது.

எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் பாடம்தான் இது. கச்சாப் பொருள் மோசமானால் எத்தனை லட்சம் ரூபாய் இயந்திரமும் நல்ல சரக்கைத் தராது.

அல்மித்ரா படேல் 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக 2000-ல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016-ல் வந்த விதிகள் வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றன. பிரிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் திருநெல்வேலிக்காரர்கள் வெளியூர் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நகரக் குப்பை மலையாகக் குவிந்த இராமையன்பட்டிக் கிடங்கு பலமுறை தீப்பிடித்து, சுற்றியுள்ள ஊர்களைப் புகை சூழ்ந்திருக்கிறது. காற்றில்லாமல் அழுகும் ஈரக்குப்பை மீத்தேன் வாயுவைத் தருகிறது, இடையிலுள்ள பிளாஸ்டிக்கும் காகிதமும் விறகாகின்றன. இரண்டையும் சேர்த்து அனுப்பியது ஒவ்வொரு வீடும்தான்.

வீட்டு இயந்திரமும் நெல்லைச் சமையலறையும்

2006-ல் பெங்களூரில் பூனம் பீர் கஸ்தூரி தொடங்கிய டெய்லி டம்ப் நிறுவனம் அடுக்குச் சுடுமண் பானைகளை நகரத்து வீடுகளுக்குக் கொண்டுவந்தது. பிறகு டிரம்களும் மின்சாரப் பெட்டிகளும் சந்தைக்கு வந்தன. எந்த வகையானாலும் பழைய குப்பைக்குழியோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மாடு தின்று செரித்த அந்த ஈரப் பொருள் இப்போது நேராக இயந்திரத்துக்குள் போகிறது. அதற்கு ஈடான வைக்கோலும் சருகும் வருவதே இல்லை.

காய்கறிக் கழிவில் கார்பன் விகிதம் சுமார் 15 முதல் 20 வரைதான். சாணம் 20 முதல் 25. காய்ந்த இலை 50-க்கு மேல். வைக்கோல் ஏறக்குறைய 80. தென்னை நார்க்கழிவு 100-ஐத் தாண்டும். மரத்தூள் 200-க்கும் மேல். காய்கறித் தோலை மட்டும் போட்டால் கணக்கு ஒருபோதும் நேராகாது. ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு காய்ந்த இலை சேர்த்தால் நேராகும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

நெல்லைச் சமையலறைக்கு என்று சில பொருட்கள் உண்டு. சொதிக்குப் பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை, அல்வாவுக்குப் பால் எடுத்த சம்பா கோதுமைச் சக்கை இரண்டும் நல்லவைதான். ஆனால் தனியாகப் போட்டால் கட்டிபிடித்துப் புளித்துவிடும், சருகோடு கலந்தே போட வேண்டும். வாழையிலையையும் வாழைப்பட்டையையும் துண்டுதுண்டாக நறுக்க வேண்டும், நாரோடு முழுசாகப் போட்டால் டிரம்மின் தண்டில் சுற்றிக்கொள்ளும். காபி, டீத் தூள் தாராளமாகப் போடலாம். சாமி படத்து மாலை வாழைநாரில் கட்டியதா, பிளாஸ்டிக் நூலில் கட்டியதா என்று பார்க்க வேண்டும். பத்தமடைப் பாய் கிழிந்துபோனால் அந்தக் கோரையும் காய்ந்த பொருள்தான், பருத்தி நூல் ஓடிய பாயாக இருந்தால் வெட்டிப் போடலாம். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, மாங்கொட்டை, பனங்கொட்டை வேண்டாம், அவை மக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். உமியும் மெதுவாகத்தான் மக்கும், அளவோடு சேர்க்கலாம்.

மீன் கழிவு, எலும்பு, எண்ணெய், மிஞ்சிய குழம்பு ஆகியவற்றைச் சிறிய பானையில் போடக்கூடாது. எலியும் ஈயும்தான் வரும். வாழையிலை மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் பூசிய காகித இலையும் எருவாகாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும் அடக்கம்.

இயந்திரத்தின் வகையையும் பார்க்க வேண்டும். காற்றுப் புகாத வாளியில் தவிட்டு நொதியைத் தூவிப் புளிக்க வைக்கும் ஜப்பானிய பொகாஷி முறைக்குச் சருகு தேவையில்லை, ஆனால் புளித்ததை மண்ணில் புதைத்தால்தான் எருவாகும். சில மணி நேரத்தில் சூடாக்கிக் காயவைத்து அரைத்துத் தரும் மின்சாரப் பெட்டிகளில் வருவது முதிர்ந்த எரு அல்ல, உலர்ந்த கழிவுத் தூள். ஈரம் பட்டால் மறுபடி அழுகத் தொடங்கும். அதையும் மண்ணோடு கலந்து சில வாரம் ஆறப்போட வேண்டும்.

சரி, காய்ந்த இலைக்கு எங்கே போவது? இதில் வேடிக்கை என்னவென்றால், அது வாசலிலேயே கிடக்கிறது! காலையில் வேப்பஞ்சருகையும் புங்கஞ்சருகையும் கூட்டித் தெருவோரம் தீ வைப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். வெளியே கார்பன் புகையாகப் போகிறது, உள்ளே இயந்திரம் கார்பன் இல்லாமல் நாறுகிறது. ஒரு பழைய சாக்கில் அந்தச் சருகைச் சேர்த்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். வீட்டு இயந்திரத்தில் விடுபட்ட பாகம் அந்தச் சாக்குதான்.

குப்பைக்குழி வைத்திருந்த தலைமுறைக்கு விகிதம் தெரியாது, நுண்ணுயிர் தெரியாது. ஆனால் மாட்டுக்கு எது, குழிக்கு எது, அடுப்புக்கு எது என்று தெரியும். அன்று கை தானாகச் செய்த அந்தத் தேர்வை இன்று மாடு இல்லாத வீட்டில் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. வீடு அதைச் செய்யாவிட்டால் வேலை மறைந்துபோவதில்லை. கையுறைகூட இல்லாமல் கிடங்கில் குனிந்து நிற்கும் ஒரு தொழிலாளியின் கைக்குப் போகிறது.